கை நனைக்க ஏற்ற மாதம்

திருவனந்தபுரத்துக்கு எந்த மாதம் வந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்காத உறவுக்காரர்கள் எனக்குக் கிடையாது. கடற்கரை ஊர், தலைநகரம், போதாக்குறைக்கு மிருகக்காட்சிசாலை வேறு. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த கையோடு திருநெல்வேலியிலிருந்து கார்டு வந்துவிடும். நானும் சளைக்காமல் பதில் போடுவேன். மார்கழி பிறந்ததும் வாருங்கள், மாசி பாதிவரை இருக்கலாம். வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும், கடல் சாதுவாக இருக்கும், விடியற்காலையில் போர்வை தேடும் அளவுக்குக் குளிர்கூட உண்டு. பங்குனி, சித்திரையில் வருவதானால் சோப்பு மட்டும் கொண்டுவந்தால் போதும், வியர்வையிலேயே குளித்துவிடலாம். வைகாசி பாதியில் மழை பிடித்தால் ஆவணிவரை குடையை மடக்க வேலையில்லை. ஓணத்துக்கு ஊரெல்லாம் விளக்கு எரியும், ஆனால் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. ஐப்பசியில் காலையில் வெயில், மாலையில் இடி. இந்தப் பதிலை எத்தனை தடவை எழுதியிருப்பேனோ, கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

இதெல்லாம் ஊராருக்கு. எனக்கென்று ஒரு மாதம் கேட்டால், ஆடி என்பேன். மலையாளத்தில் கர்க்கடகம். எங்களுக்குப் பால் ஊற்றிய அம்மாள் அதைக் கள்ளக் கர்க்கடகம் என்றுதான் சொல்லுவாள். வெயில் வருவதுபோல் பாவனை காட்டும். நம்பித் துணியைக் கொடியில் போட்டால் அடுத்த நிமிஷம் கொட்டும். உப்பு ஜாடியில் உப்பு கரைந்து தண்ணீராகிவிடும். தீப்பெட்டி பற்றாது. செருப்பில் பூஞ்சை பூக்கும். இந்த மாதத்தையா சொல்கிறாய் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் நன்றி சொல்லிக்கொண்டிருப்பது அந்த மாதத்துக்குத்தான்.

அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகிக் கரமனைக்கு வந்தேன். அக்கிரகாரத்துக் கோடியில், ஆற்றை ஒட்டிய வீடு. மாமியாரும் மாமனாரும் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். என் கணவரும் நானும் மட்டும். அவர் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பிறந்தது வளர்ந்தது எல்லாம் கரமனை. பள்ளிக்கூடத்தில் படித்தது முழுக்க மலையாளம். வீட்டில் பேசத் தமிழ், வெளியில் எல்லாவற்றுக்கும் மலையாளம். தமிழ் எழுத்தை அவர் வாரப் பத்திரிகை பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டவர். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. ஆளைப் பிடித்து உட்கார வைத்து, "என் கையெழுத்தைப் பாரு, கேட்டியா, ஆரும் படிப்பிச்சுத் தரலை" என்று காட்டுவார்.

வந்த முதல் நாளே, "குடிக்க வெள்ளம் வேணுமா?" என்றார். ஆற்றங்கரை வீடாயிற்றே, எதைக் குடிக்கச் சொல்கிறார் என்று விழித்தேன். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது. இன்னொரு குழப்பமும் அந்தத் தெருவில் உண்டு. அகத்தை நாங்கள் ஆம் என்போம். வீட்டில் இருக்கிறாள் என்பதற்கு "ஆத்துல இருக்கா". ஆற்றில் குளிக்கிறாள் என்பதற்கும் "ஆத்துல குளிக்கறா". விடிந்தால் தெருப் பெண்கள் எல்லாரும் ஆற்றுக்குப் போய் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு வருவது வழக்கம். ஆகவே ஒருத்தி ஆத்தில் இருக்கிறாள் என்றால் அவள் அடுப்படியில் இருக்கிறாளா, கழுத்தளவு தண்ணீரில் இருக்கிறாளா என்பதைக் கேட்பவர் தன் சாமர்த்தியத்தால் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் அப்பா கல்யாணச் சமையல்காரர். திருநெல்வேலிப் பக்கம் அவர் கரண்டி படாத கல்யாணக் கூடம் குறைவு. நான் ஒன்பதாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அதன்பிறகு அப்பாவும் நானும்தான். நானூறு இலைக்குச் சாம்பார் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, எனக்கு மட்டும் ஒரு சின்ன வெண்கலப் பானையில் வெந்தயக் குழம்பு வைத்துத் தருவார். நான் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தால், "படிக்கற கொழந்தைக்கு இங்கே என்னடி வேலை?" என்று துரத்துவார். இதன் பலன், கழுத்தில் தாலி ஏறும்வரை எனக்கு ரசம்கூட வைக்கத் தெரியாது. கரமனைக்கு வந்துதான், எதிர்வீட்டு மாமி சொல்லச் சொல்ல, கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன். அதாவது நான் சமைத்து அப்பா ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை.

சாப்பிடவும் மாட்டார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில், பேரனோ பேத்தியோ அவள் வயிற்றில் தங்கும்வரை, பெற்றவர்கள் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. எத்தனையோ பேர் அதைக் காற்றில் விட்டுவிட்டார்கள். அப்பா விடவில்லை. கல்யாண வீடுகளிலேயே வாழ்ந்தவர். சம்பந்திகள் எதையெதைச் சொல்லிக் காட்டுவார்கள் என்று இலைக்குப் பின்னால் நின்று கேட்டவர். தன் பெண்ணை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. என்னைச் சொல்லிக் காட்ட இந்த வீட்டில் ஆளே கிடையாது என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு அடுத்த தையில் பொங்கல் சீரைத் தூக்கிக்கொண்டு அப்பா வந்தார். நாகர்கோவில் பஸ் கரமனைப் பாலத்தைத் தாண்டித்தான் நகரத்துக்குள் போகும், பாலத்தடியில் இறங்கிவிட்டார். மஞ்சள் குலை, புதுப் பானை, ஒரு கட்டுக் கரும்பு. ஊர் அன்றைக்குப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஆற்றில் அடி மணல் தெரிந்தது. நான் நாலு மணிக்கே எழுந்து அவியல், எரிசேரி, பாயசம் என்று கற்றுக்கொண்டதையெல்லாம் செய்து வைத்திருந்தேன். அப்பா சமையலறை வாசலில் நின்று முகர்ந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கூடத்துக்குப் போய், ஊரிலிருந்து கொண்டுவந்த கூஜாவைத் திறந்து தண்ணீர் குடித்து, பையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து உரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கூஜாவை ஆற்றில் விட்டெறிந்திருப்பேன். மறுநாள் ஒரு கல்யாணம் இருக்கிறது என்று மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அந்த அவியலை நானும் கணவரும் இரண்டு நாள் தின்றோம்.

பிறகு வருஷங்கள் போயின. குழந்தை வரவில்லை. டாக்டரிடம் போனோம், கோயில்களுக்குப் போனோம், மருந்து தின்றோம், விரதம் இருந்தோம். இதையெல்லாம் நான் அப்பாவுக்கு எழுதியதில்லை. அவரும் ஒரு வரி கேட்டதில்லை. அதற்குப் பதிலாக நாங்கள் மாதங்களைப் பற்றி எழுதிக்கொண்டோம்.

"மாசியில் வாருங்கள் அப்பா, கோவளத்தில் கடல் கண்ணாடிபோல் இருக்கிறது" என்று எழுதுவேன். "மாசியில் ஒன்பது முகூர்த்தம், முடியாது" என்று பதில் வரும். "ஐப்பசியில் கோயில் உற்சவம். இங்கே அல்பசி என்கிறார்கள், நம் ஐப்பசிதான். சுவாமி கடலுக்குப் போய் நீராடும் ஆறாட்டுப் பார்க்க வேண்டாமா?" என்று ஆசை காட்டுவேன். "ஐப்பசியில் மழையோடு மழையாகக் கல்யாணங்கள்" என்று எழுதுவார். மார்கழியில் அவருக்குக் கல்யாணம் கிடையாது, சரி; ஆனால் அந்த மாதம் முப்பது நாளும் பெருமாள் கோயிலில் விடியற்காலைப் பொங்கல் அவர் பொறுப்பு. புரட்டாசியில் திதிச் சமையல்கள் குவியும். இப்படி நான் ஒரு மாதத்தை நீட்டுவேன், அவர் அதை மடக்கித் திருப்பி அனுப்புவார். கார்டு கார்டாகப் பருவநிலையைப் பற்றி எழுதிக்கொண்டே நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்லாமல் இருந்தோம். வந்தாலும் கை நனைக்க மாட்டார், நனைக்காத கையோடு இன்னொரு தடவை அந்த வாசலில் நிற்க அவருக்கு மனமில்லை. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அவர் உண்மையிலேயே சும்மா இருக்கும் மாதம் ஆடி ஒன்றுதான். ஆடியில் யாரும் கல்யாணம் பண்ணமாட்டார்கள். பாத்திரங்களையெல்லாம் ஈயம் பூசக் கொடுத்துவிட்டு, வீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு பத்திரிகை படிப்பார். ஆனால் ஆடியில் வாருங்கள் என்று நான் எழுதியதே இல்லை. இந்த மழையில் மனுஷன் வருவானா?

ஏழாவது வருஷமோ எட்டாவது வருஷமோ, ஓர் ஆடியில், ஆறு படிக்கட்டையெல்லாம் விழுங்கிக்கொண்டு தெருவின் பின்பக்கம்வரை வந்துவிட்டது. செம்மண் தண்ணீர். வாழை மரங்கள் வேரோடு மிதந்து போயின. பெண்கள் யாரும் ஆற்றுப் பக்கம் போகவில்லை. கிணற்றடியில் வெந்நீர் விளாவிக் குளித்துக்கொண்டோம். பத்திரிகையில் மழைச் செய்தி வந்திருக்கும், அப்பா கவலைப்படுவார் என்று நினைத்தேன். அன்றைக்குப் பார்த்து அரிசியில் வண்டு விழுந்து, புடைத்துக்கொண்டிருந்தேன். "அப்பாவுக்கு நாலு வரி எழுதிப் போட்டுடுங்கோளேன். நாம சௌக்கியமா இருக்கோம், நான் ஆத்துப் பக்கமே போறதில்லைன்னு எழுதுங்கோ" என்று கணவரிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன, ஆபீஸ்ல இருந்து ஒரு எழுத்து போட்டுடறேன்" என்றார். மலையாளத்தில் எழுத்து என்றால் கடிதம். போட்டும் விட்டார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. கார்டு எழுதத் தெரிந்த மனுஷரிடம் போய் அதையெல்லாம் கேட்பார்களா?

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணி இருக்கும். வாசலில் யாரோ செருமும் சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா. கக்கத்தில் குடை இருந்தது, வழியில் விரித்தும் பிரயோஜனப்படவில்லை. தலையிலிருந்து வேட்டி நுனிவரை சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் மூடி கட்டிய தூக்கு. கூஜாவைக் காணோம். அதை நான் உடனே கவனித்தேன்.

"என்னப்பா இது, இந்த மழையில? ஊர்ல ஏதாவது..."

"ஊருக்கு என்ன கேடு? நன்னா இருக்கு" என்று என் முகத்தையே பார்த்தார். அப்படிப் பார்க்கிறவர் இல்லை அவர். "ஏண்டி கொழந்தே, நீ இப்படி ஈரத்துல வாசலுக்கு ஓடி வரலாமா? உள்ளே போ, உள்ளே போ."

கணவர் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். அப்பா தலையைத் துவட்டினார், வேட்டி மாற்றினார், நெற்றிக்கு இட்டுக்கொண்டார். "ஸ்நானம் மழையிலேயே ஆயாச்சு" என்று சிரித்தார். பிறகு கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உலகத்திலேயே சாதாரண விஷயம்போல், "பசிக்கறது. எலை போடேன்" என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றிற்று. "இங்கேயாப்பா? சாப்பிடறேளா?"

"பின்னே, எதிராத்துலயா போய்ச் சாப்பிடுவேன்? போடுடி."

எத்தனை வருஷம் காத்திருந்தேன்! அப்பா சாப்பிட உட்கார்ந்தால் என்ன பரிமாறுவது என்று மனசுக்குள் ஒரு பந்தியே நடத்தி வைத்திருந்தேன். எந்தப் பாயசம், எத்தனை கறி, இலையில் எது எந்த மூலையில் என்பதுவரை. அன்றைக்கு வீட்டில் என்ன இருந்தது தெரியுமா? மழையால் சாலைக் கடைத்தெருவில் காய்கறியே இல்லை. கோடையில் தின்ற பலாப்பழத்தின் கொட்டைகளை மண்ணில் புதைத்து வைத்திருந்தேன். அதைத் தோண்டி எடுத்து, எண்ணெய் விட்டுப் புரட்டியிருந்தேன். கணவர் அதை மெழுக்குபுரட்டி என்பார். ஒரு மிளகு ரசம். சுட்ட அப்பளம். நானூறு இலைக்குச் சமைக்கிறவருக்கு நான் போட்ட முதல் சாப்பாடு அதுதான்.

அப்பா இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்தார். கை நனைந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கவளம் வாய்க்குள் போயிற்று. ஏன், எதற்கு, இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் எழுந்துவிடுவாரோ என்ற பயம்தான். பலாக்கொட்டையை மூன்று தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பக்கத்து இலையில் கணவர்.

"அந்தத் தூக்கைத் திறந்து பாரு. மாவடு, நார்த்தங்காய், புளிக்காய்ச்சல் எல்லாம் கொண்டுவந்திருக்கேன்" என்றார் அப்பா.

"எதுக்குப்பா இத்தனை புளிப்பு?"

பெண்ணிடம் பேசக் கூச்சப்பட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டார். "டாக்டரம்மாகிட்ட காட்டினேளா, மாப்பிள்ளை? என்ன சொன்னா?"

"எதுக்கு மாமா? அவளுக்கு ஒரு ஜலதோஷம்கூட இல்லையே" என்றார் கணவர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

"நீங்கதானே எழுதியிருந்தேள்?" அப்பா இடது கையால் பையை இழுத்து, எண்ணெய்க் காகிதத்தில் மடித்து வைத்திருந்த கார்டை எடுத்து வாசித்தார். மழையில் எது நனைந்தாலும் அது நனையாமல் கொண்டுவந்திருக்கிறார். "நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம். இங்கே நல்ல மழை. ஒன்றும் பயப்பட வேண்டாம். பதினைந்து நாளாய் உங்கள் பெண் ஆத்தில் முழுகாமல் இருக்கிறாள். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை."

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. முழுகாமல் இருக்கிறாள் என்றால் எங்கள் ஊரில் ஒரே ஓர் அர்த்தம்தான். கர்ப்பமாக இருக்கிறாள். நாள் தள்ளிப்போய்ப் பதினைந்து நாள் ஆகிறது, வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்று அப்பா படித்திருக்கிறார். என் கணவருக்கு அந்த வழக்கு தெரியாது. கரமனையில் அதற்கு விசேஷம் என்பார்கள். அந்த மகாராஜன் விசேஷம் ஒன்றும் இல்லை என்று கடைசி வரியில் தெளிவாக எழுதித்தான் இருக்கிறார்!

"ஆமாம் மாமா" என்றார் கணவர் இன்னும் ஒன்றும் விளங்காமல். "ஆத்துல இத்தனை வெள்ளம். எப்படி முழுகறது? கிணத்தடியிலதான் குளிக்கறா."

அப்பா கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரசப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், அதை மறைப்பானேன். இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை என்று சொன்னால் இந்தச் சாப்பாட்டையாவது முடித்துவிடுவாரே! ஆனால் மழையில் நனையாமல் அந்தக் கார்டைக் காப்பாற்றிக் கொண்டுவந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வேன்?

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைப்பா" என்றேன். "அவர் சொல்றது இந்த ஆத்தை. மழைத் தண்ணி வந்திருக்கே, இந்த ஆத்தை." கையால் பின்பக்கத்தைக் காட்டினேன்.

அப்பா குனிந்து இலையைப் பார்த்தார். பாதிச் சோறு இருந்தது. பலாக்கொட்டை இரண்டு மூன்று இருந்தன. விரல்களை இலைமேல் அப்படியே வைத்திருந்தார். இதோ எழுந்திருக்கப் போகிறார், இத்தனை வருஷக் கட்டுப்பாடு ஒரு தப்பான கார்டினால் கெட்டுப்போயிற்றே என்று கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவப் போகிறார், அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போகிறார் என்று நான் எண்ணினேன். அந்தக் கையை விட்டு என் கண் நகரவில்லை.

"நனைஞ்ச கை நனைஞ்சதுதான்" என்றார் அப்பா. "ரசம் விடு."

நான் நகரவில்லை.

"விடுடி. சோறு ஆறறது."

விட்டேன். பாதி இலையில் விழுந்தது, பாதி அவர் கையில் விழுந்தது. சுட்டிருக்கும். அவர் அப்படியே பிசைந்து சாப்பிட்டார். பிறகு மோருக்கும் சாதம் கேட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் இருந்ததா, மிளகு காரமா என்று நான் கேட்கவில்லை. கடைசியில் இலையை மடிக்கும்போது, "ஊருக்கெல்லாம் பரிமாறிண்டு இருந்தேன். என் பொண்ணு கையால சாப்பாடு எப்படி இருக்கும்னு தெரியாமலே இருந்துட்டேனே" என்றார். அவ்வளவுதான்.

பிறகு சமையலறையில் வைத்துக் கணவருக்கு விஷயத்தை விளக்கினேன். மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அய்யோ, எங்க பக்கம் விசேஷம்னுதானே சொல்லுவா! மாமாவை இப்படி ஆசை காட்டிட்டேனே!" என்று புலம்பினார். நானும் முதலில் நன்றாகத் திட்டினேன். யாரும் படிப்பிக்காத தமிழின் லட்சணம் இதுதான் என்றேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. அவரும் அழுதார். குழந்தை இல்லையே என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அப்பா ஒன்பது நாள் இருந்தார். ஒரு நாள்கூட மழை விடவில்லை. சங்குமுகத்துக்குப் போனோம், கடல் மணலையெல்லாம் தின்றுவிட்டுப் படிக்கட்டுவரை வந்து மோதியது. "அடுப்பைத் தணிக்க மறந்துட்டா, பால் பொங்கறது" என்றார். மிருகக்காட்சிசாலையில் புலி கூண்டின் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டு எங்களைப் பார்க்கவே மறுத்தது. பொன்முடி பார்க்கலாம் என்று பஸ் ஏறினோம். பாதை சரியில்லை என்று அடிவாரத்தில் கல்லாறு என்ற இடத்திலேயே இறக்கிவிட்டார்கள். மலை இருந்த இடத்தில் வெறும் மூடுபனி. அங்கிருந்த டீக்கடைக்காரர் கட்டஞ்சாயா கொடுத்தார். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காத அப்பா அந்தக் குளிரில் அதை வாங்கி ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "பாலில்லாமலே இப்படி ஒரு ருசியா?" என்று அவரிடம் பக்குவம் கேட்டார். ஒரு இடத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் மூன்று வேளையும் என் கையால் சாப்பிட்டார். பரிசாரகருக்கே பரிமாறுகிறேனே என்று எனக்கு உப்பும் புளியும் தடுமாறும். ஒரு நாளும் குறை சொல்லவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் கார்டு தையில் போயிருந்தால்? மாசியிலோ வைகாசியிலோ போயிருந்தால்? முகூர்த்தங்களையெல்லாம் முடித்துவிட்டு அப்பா கிளம்ப ஒரு மாதம் ஆகியிருக்கும். அதற்குள் சந்தோஷம் தாங்காமல் அவர் பதில் போட்டிருப்பார், நான் பதறிப்போய் உண்மையை எழுதியிருப்பேன், அவர் வந்திருக்கவே மாட்டார். ஆடியானதால்தான் கார்டு கைக்கு வந்த மறுநாளே பஸ் ஏறினார். ஆடியானதால்தான் ஆறு பெருகியது, நான் முழுகாமல் இருந்தேன், என் கணவர் அதை அப்படி எழுதினார். மழைக்கும் நன்றி, அந்தக் கோணல் தமிழுக்கும் நன்றி என்று நான் பல தடவை மனசுக்குள் கும்பிட்டிருக்கிறேன். கணவரிடம் மட்டும் சொன்னதில்லை. ஏற்கெனவே அவருக்குப் பெருமை அதிகம்.

பத்தாம் நாள் காலையில் அப்பாவைப் பஸ் ஏற்றப் பாலத்தடிக்குப் போனோம். அப்போதும் தூறிக்கொண்டிருந்தது. கணவர் டிக்கெட் விஷயமாக யாரிடமோ விசாரிக்கப் போனார். நானும் அப்பாவும் ஒரு குடைக்குள் நின்றோம்.

"பலாக்கொட்டை இன்னும் ரெண்டு கொதி வேகணும்" என்றார் அப்பா. "அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன்."

எனக்கு அதைக் கேட்டபிறகுதான் மனசு நிம்மதியாயிற்று. "அடுத்த தடவை தையில வாங்கோப்பா, மழை இருக்காது" என்றேன், எழுதி எழுதிப் பழகிய வாய்.

"தையில எனக்கு ஏது ஒழிவு? ஆடியில வரேன்."

"அடுத்த ஆடிக்குள்ள ஒருவேளை..." என்று ஆரம்பித்தேன். முடிக்கத் தெரியவில்லை. முடித்திருந்தாலும் எனக்கே நம்பிக்கை இருந்திருக்காது.

அப்பா குடையை என் பக்கம் சாய்த்தார். அவருடைய ஒரு தோள் முழுக்க நனைந்தது. "நீ தை நன்னா இருக்கும், மாசி நன்னா இருக்கும்னு எழுதிண்டே இருந்தே. நான் வேற எதையோ பார்த்துண்டு உக்காந்துட்டேன். தப்பு என்னோடது" என்றார். "அது வந்தா வரட்டும், வராட்டாப் போகட்டும். நான் வரேன்."

பஸ் வந்துவிட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். மழைக்காகத் தார்ப்பாய்த் திரையை இறக்கிவிட்டார்கள், முகம் தெரியவில்லை.

அது வரவில்லை. அப்பா பதினோரு ஆடி வந்தார். ஒவ்வொரு தடவையும் நனைந்துகொண்டேதான் வந்தார், துண்டைக் கையில் வாங்கித் தலையைத் துவட்டுவதற்கு முன்பே சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "பலாக்கொட்டை வச்சிருக்கியோ?" என்று கேட்பார்.